வயலுக்கு வேலி வேண்டும்

(அன்புவழிபுரத்தில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்பின் வழியைப் பெயரிலேயே தாங்கிய ஊரில் நின்று பேசுகிறோம். இங்கிருந்து திருக்கோணமலை நகருக்குள் சென்றால், கோணேசர் ஆலயத்துக்கு ஏறும் வழியில், பிரட்றிக் கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் மனிதர் நடுவே மேய்வதைக் காணலாம். மானோடு வாழ்வது எளிது. யானையோடு வாழ்வது எளிதா? மூதூரிலும் வெருகலிலும் சேருவிலவிலும் கந்தளாயிலும் பயிர் செய்வோரைக் கேளுங்கள். கடன்பட்டு விதைத்து, கண்விழித்துக் காத்து, கதிர் முற்றிய வேளையில் ஒரு தனியன் புகுந்தால் ஓரிரவிலே ஒரு போகம் போய்விடுகிறது. சில வேளைகளில் உயிரும் போய்விடுகிறது.

2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் யானைகளால் உயிரிழந்தோர் 150 பேருக்கு மேல். அதே ஆண்டில் மாண்ட யானைகளோ 450க்கு மேல். 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் காணப்பட்டவை 5,879 யானைகளே என்பதை நினைத்தால் இந்த இழப்பின் அளவு விளங்கும். இதிலே வென்றவர் யார்? உழவனும் வெல்லவில்லை; யானையும் வெல்லவில்லை.

“யானையைக் காட்டுக்குத் துரத்துங்கள்” என்கிறார்கள். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால், காட்டிலும் வயலிலும் அலைந்து ஆராய்ந்தோர் கண்டது வேறு. கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அந்த நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றனர். காடு யானைக்கு, ஊர் மனிதனுக்கு என்று கோடு கிழிக்க இடமேது?

கூட்டமாகத் துரத்தும்போது பெண் யானைகளும் கன்றுகளுமே அஞ்சி ஓடுகின்றன. பயிரைத் தேடிவரும் ஆண் யானை பதுங்கி நின்றுவிடுகிறது. துரத்தப்பட்டவை வேலிக்குள் அடைபட்டு உணவின்றி மெலிகின்றன. துரத்த வேண்டியது வயலுக்கே திரும்புகிறது. அதைப் பிடித்து வண்டியிலேற்றி வேறு காட்டில் விட்டால் என்ன? அதையும் ஆராய்ந்தார்கள். அவ்வாறு விடப்பட்ட 12 ஆண் யானைகளுக்குக் கழுத்துப்பட்டி பூட்டிச் செய்மதி வழியாகப் பின்தொடர்ந்தார்கள். சில பிடிபட்ட இடத்துக்கே திரும்பின. சில ஊரூராய் அலைந்தன. மனிதரும் யானையும் மடிந்தது குறையவில்லை. துன்பம் புதிய ஊர்களுக்கும் பரவியது. இது 2012இல் வெளிவந்த முடிவு.

மின்வேலி இல்லையா? உண்டு. நாட்டில் 4,000 கிலோமீற்றருக்கு மேல் உண்டு. ஆனால் அதிற் பெரும்பகுதி திணைக்களங்களின் எல்லைக்கோட்டிலே நிற்கிறது. யானைக்கு எந்தத் திணைக்களத்தின் எல்லை தெரியும்? வேலிக்கு இப்புறமும் யானை, அப்புறமும் யானை!

ஆகவே நாம் கூறுவது இதுதான்: வேலி யானையைச் சுற்றி அன்று, ஊரையும் வயலையும் சுற்றி எழ வேண்டும். வயல்வேலியை விதைப்போடு நட்டு, அறுவடையோடு கழற்ற வேண்டும். அதன்பின் அரிதாளை யானை மேய்ந்து போகட்டும். வேலியைக் காப்பவன் அந்த வயலின் உழவனாகவே இருக்க வேண்டும். தன் நெல்லுக்காகத் தட்டும் கொடியை அவன் வெட்டுவான், அறுந்த கம்பியை அவன் கட்டுவான். வடமேல் மாகாணத்தின் கல்கமுவப் பகுதியில் உழவர் இதைச் செய்து காட்டியிருக்கின்றனர். 2020இல் வகுக்கப்பட்ட தேசிய செயற்திட்டமும் இதையே வலியுறுத்தியது. அதை நமது வயலுக்குக் கொண்டுவருமாறு கேட்பது பிச்சையன்று, உரிமை.

ஒரு எச்சரிக்கை. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சாதீர்கள். முறையான யானைவேலி அதிர்ச்சி தந்து விலக்கும். வீட்டு மின்சாரம் கொல்லும். அது யானையென்றும் பார்க்காது, விடியற்காலையில் வயலுக்கு வரும் நம் பிள்ளையென்றும் பார்க்காது.

படித்த பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆய்வுகள் ஆங்கிலத்திலே அடைபட்டுக் கிடக்கின்றன. ஆசிரியர்களே, பொறியியலாளர்களே, அவற்றைத் தமிழில் உழவன் கையில் கொடுங்கள். வேலிக்கு எங்கே கம்பம் நடுவது என்று அவனோடு வரப்பில் நடந்து பாருங்கள். அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன் ஒரு வெளியிலாவது இதைச் செய்து முடிப்போம்.