கரியும் சிலிகாவும்

ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறியிறங்கும் லாரிகளின் டயர்கள் யாவும் கறுப்பு. ரப்பர் மரத்தின் பாலோ வெண்மை. இக்கருமை எங்கிருந்து வந்தது?

ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கினால் மீள்தன்மை உறுதிப்படும். ஆயினும் சாலையில் உராய்ந்தால் விரைவில் தேய்ந்துவிடும். புகைக்கரியைக் கலந்தால் ரப்பர் வலுப்பெறும் என்பதை 1904-இல் லண்டனின் சில்வர்டவுனில் எஸ். சி. மோட் என்பவர் கண்டறிந்தார். எண்ணெயைப் போதிய காற்றின்றி எரித்துப் பெறும் நுண்தூளே, கார்பன் பிளாக் எனப்படும் இக்கரி. இதன் துகள்கள் ரப்பரோடு இயல்பாகவே ஒட்டும். தேய்மானம் பெரிதும் குறையும்.

சிலிகா வெண்ணிறத் தூள்; மணலின் இனத்தது. இதன் துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் தமக்குள்ளேயே திரண்டுகொள்ளும். ரப்பரோடு எளிதில் சேரா. சிலேன் என்னும் இணைப்புப் பொருள் ஒரு கையால் சிலிகாவையும் மறு கையால் ரப்பரையும் பற்றிக்கொள்கிறது. இம்முறையைக் கொண்டே 1990-களின் தொடக்கத்தில் மிஷலின் நிறுவனம் 'பசுமை டயரை' உருவாக்கியது.

டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அப்பொழுது துகள்களின் கூட்டம் உடைந்து மறுபடி சேர்வதால் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. சிலேன் சேர்ந்த சிலிகாவில் இவ்விழப்புக் குறைவு. எனவே எரிபொருள் மிச்சமாகும். மழை நனைத்த சாலையிலும் நல்ல பிடிப்பு உண்டு. உயிர் காக்கும் குணம் இது.

குறைகளும் உள. கலப்பது கடினம், செலவு மிகுதி. சிலிகா மின்சாரத்தைக் கடத்தாது; ஆதலின் நிலைமின்னைத் தரையில் இறக்கக் கரி செறிந்த ரப்பர்ப் பட்டையொன்றை டயரில் வைப்பர். சிலிகா டயரிலும் சிறிது கரி சேர்ப்பதால் அதுவும் கறுப்பாகவே தோன்றும். இயற்கை ரப்பர் மிகுந்த சுமை லாரி டயர்களில் இன்றும் கரிக்கே முதலிடம்.

பெரியாற்று நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் நெல்லின் உமியிலும் சிலிகா உண்டு. நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி; அதை எரித்தால் ஏறத்தாழ 4 கிலோ சாம்பல்; அதில் பெரும்பகுதி சிலிகா. சாம்பலை அப்படியே கலத்தல் ஆகாது. காரத்தில் கரைத்து, நுண்தூளாக வீழ்படியச் செய்தல் வேண்டும். குட்இயர் நிறுவனம் உமிச் சாம்பல் சிலிகாவை டயர்களில் பயன்படுத்தி வருகிறது. நம் ஆலைகளில் குவியும் உமியை இனி அலட்சியமாக நோக்காதீர்கள்.

கரியா, சிலிகா என ஒருவர் வினவினால், எந்த வண்டிக்கு, எந்தச் சாலைக்கு என்று திருப்பிக் கேளுங்கள். அக்கேள்வியில்தான் அறிவியல் தொடங்குகிறது.