அம்பு முனை: நிலை அலகா, விரி அலகா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, எனக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஐயா அவர்களே, என்னோடு கடைசி பெஞ்சைத் தேய்த்த நண்பர்களே, இன்று அதே பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே!

‘பிரான்ஸ் அனுபவம்’ பற்றிப் பேசச் சொல்லி சங்கச் செயலாளர் கேட்டிருந்தார். பாகூர் கொம்யூனிலும் வில்லியனூர் கொம்யூனிலும் வீட்டுக்கொரு பிரான்ஸ் அனுபவம் இருக்கிறது. ஈபிள் கோபுரத்துக் கதையை உங்கள் பெரியப்பாவே நன்றாகச் சொல்லுவார். நான் அங்கே முறையாகப் பயிற்சி பெற்று வில் வேட்டைக்குப் போகிறவன் என்பது இங்கே சில மாணவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. “அண்ணே, கிராஸ்போ ஆன்லைன்ல கிடைக்குதாமே, அதுக்கு முனை ஃபிக்ஸட் வாங்கலாமா, மெக்கானிக்கல் வாங்கலாமா?” என்று கேட்டார்கள். ‘அதெல்லாம் தப்புப்பா’ என்று ஒரு வரியில் முடிக்கலாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. கல்லூரியில் கேட்ட கேள்விக்குக் கல்லூரியிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். கிராஸ்போ என்பது வில்லைக் குறுக்கே படுக்க வைத்து, துப்பாக்கிபோல் கட்டையும் விசையும் பொருத்தியது. வேட்டைக்கு அதில் வைக்கும் அம்பின் நுனியில் பிளேடு பொருத்திய முனை இருக்கும். பிராட்ஹெட் என்பார்கள். எடை பெரும்பாலும் 100 கிரெய்ன், அதாவது ஆறரை கிராம். இதில் இரண்டு ஜாதி. ஒன்றில் அலகுகள் அசையாமல் நிற்கும். அது நிலை அலகு. மற்றதில் அலகுகள் பறக்கும்போது குடைபோல் மடங்கியிருந்து, உடம்பில் பட்டதும் விரியும். அது விரி அலகு.

அம்பு எப்படிக் கொல்கிறது? இங்கே ஐயாவின் பாடம் உதவும். 26 கிராம் அம்பு வினாடிக்கு 107 மீட்டர் வேகத்தில் போனால் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 149 ஜூல். பாயிண்ட் 22 துப்பாக்கியின் 2.6 கிராம் தோட்டா வினாடிக்கு 330 மீட்டரில் போனால் 142 ஜூல். கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் உந்தத்தைக் கணக்குப் போடுங்கள்: அம்புக்கு 2.8, தோட்டாவுக்கு 0.86. மூன்று மடங்குக்கு மேல். அதனால்தான் அம்பு ஆழமாக இறங்குகிறது. ஆனாலும் அது அதிர்ச்சியால் கொல்வதில்லை. இரத்தக் குழாயை அறுத்துக் கொல்கிறது. சவரக் கத்தி மாதிரி கூர் இல்லாவிட்டால் எந்த முனையும் உதவாது.

நிலை அலகில் உடைய, சிக்க ஒன்றுமில்லை. எலும்பில் பட்டாலும் இறங்கும். அதன் குறை பறக்கும்போது தெரியும். அம்பின் பின்னால் இறகு இருப்பதுபோல, முன்னால் இந்த அலகுகளும் காற்றைப் பிடித்துக்கொண்டு அம்பைத் திருப்பப் பார்க்கும். வில்லையும் அம்பையும் சரியாகக் கூட்டி வைக்காதவனுக்கு குறி தப்பும்.

விரி அலகு அந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. பயிற்சி முனை போகும் இடத்துக்கே போகும். வெட்டும் அகலமும் அதிகம். நிலை அலகு பொதுவாக ஒன்று முதல் ஒன்றேகால் அங்குலம் வெட்டும் என்றால், இது ஒன்றரை, இரண்டு அங்குலம். இரத்தத் தடம் தெளிவாக விழும். கடையில் இதைத்தான் தள்ளிவிடப் பார்ப்பான். அவன் சொல்லாதது, அலகு விரிவதற்கும் ஆற்றல் செலவாகும் என்பது. அகலமாக அறுக்க இன்னும் செலவாகும். அந்த அளவு ஆழம் குறையும். சாய்வாகப் பட்டால் ஓர் அலகு முதலில் பிடித்து அம்பு திசை மாறலாம். அலகை மடக்கிப் பிடிப்பது ஒரு ரப்பர் வளையமோ பிளாஸ்டிக் பட்டையோதான். கிராஸ்போ உதைக்கிற உதையில் அது முன்னாலேயே திறந்துவிட்டால் அம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதற்காகவே கிராஸ்போவுக்கென்று பிடி இறுகிய விரி அலகுகள் தனியாக விற்கின்றன.

என் கட்சி எது என்று கேட்டால் நிலை அலகு. மெல்லிய தோலுள்ள மானுக்கு, பக்கவாட்டில், கிட்டத்தில், வலுவான வில்லில் விடும்போது விரி அலகு நன்றாகவே வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. ஆண் காட்டுப்பன்றிக்குத் தோள்பட்டையில் கேடயம்போல் கெட்டித் தோல் இருக்கிறது. அங்கே எனக்கு அசையும் உறுப்பில் நம்பிக்கை இல்லை. குறி சரியாக விழும் நாளில் இரண்டு முனையும் ஒன்றுதான். கோணலாக விழும் நாளை நினைத்துத்தான் முனை வாங்க வேண்டும். விலங்கு அசையாமல் நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. முப்பது மீட்டர் போக அம்புக்கு 0.28 வினாடி ஆகிறது. நாண் ஓசை அங்கே 0.09 வினாடியில் போய்விடும். மான் அதற்குள் குனிந்துவிடும்.

பிரான்சில் வில் வேட்டைக்கு 1995இல்தான் சட்டப்படி அனுமதி கிடைத்தது. வேட்டை உரிமம் மட்டும் போதாது. வில்லுக்குத் தனிப் பயிற்சியும் கட்டாயம். அம்பு ஒவ்வொன்றிலும் வேட்டைக்காரரின் எண் இருக்க வேண்டும். காயம்பட்டு ஓடிய விலங்கின் உடம்பில் அது யார் விட்ட அம்பு என்று தெரிந்துவிடும்! கிராஸ்போவுக்கு வேட்டையில் அங்கே இடமே இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் அதை அனுமதிக்கின்றன.

இந்த விவாதம் நம் நாட்டுக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். இங்கிருந்து வங்கக் கடலைத் தாண்டினால் அந்தமான். அங்கே பெரும் அந்தமானியர் பன்றிக்கென்றே ஓர் அம்பு வைத்திருந்தார்கள். 1906-08இல் அங்கே ஆய்வு செய்த ராட்கிளிஃப்-பிரவுன் 1922இல் வெளியிட்ட நூலில் அதை விவரித்திருக்கிறார். இரும்பு அலகும் முள்ளும் கொண்ட முனை, அம்பின் தண்டில் சும்மா செருகியிருக்கும். இரண்டையும் ஒரு கயிறு இணைக்கும். பன்றி ஓடும்போது முனை உடம்பில் தங்கும்; தண்டு கழன்று பின்னால் இழுபட்டுப் புதரில் மாட்டிக்கொள்ளும். பன்றி நின்றுவிடும். உடைந்த கப்பல்களிலிருந்து எடுத்த இரும்பில் செய்த மெக்கானிக்கல் முனை! அவர்களுடைய கவலையும் இதேதான்: அடிபட்டது கைக்கு வராமல் போய்விடக் கூடாது.

சரி, நம் ஊருக்கு வருவோம். வில்லியனூர் பெயரிலேயே வில் இருக்கிறதே என்று ஒரு தம்பி கேட்டார். அது வில்வநல்லூர் என்பதிலிருந்து வந்தது என்பார்கள்; வில்வம் வேறு, வில் வேறு. வில் இருக்கும் பெயர் இங்கே வேறிடத்தில் இருக்கிறது. 2016 டிசம்பரில் புதுச்சேரிக்கான பழங்குடியினர் பட்டியலில் இருளரைச் சேர்த்தார்கள். அந்த ஆணையில் ‘இருளர்’ என்பதோடு ‘வில்லி’, ‘வேட்டைக்காரன்’ என்ற பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன. பெயரில் வில்லும் வேட்டையும் இருக்க, கையிலிருந்து அவை போய் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம் உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியையும் அடைத்தது. கொல்வது மட்டும் வேட்டையல்ல. கண்ணி வைப்பது, பிடிப்பது, காயப்படுத்துவது, பறவை முட்டையைச் சேதப்படுத்துவது எல்லாம் அந்தச் சட்டத்தில் வேட்டைதான். ஊசுட்டேரியின் நம் பக்கத்தை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பாகூர் ஏரி சரணாலயம் இல்லையே என்று சமாதானம் சொல்ல வேண்டாம்; சட்டம் ஏரி பார்த்து மாறாது. ஆகவே அந்த மாணவர்களுக்கு என் பதில்: இங்கே கொக்கையோ உள்ளானையோ குறிவைத்து வாங்குவதற்குச் சரியான முனை என்று ஒன்று கிடையாது. நிலை அலகும் குற்றம், விரி அலகும் குற்றம். சிறு பறவைக்கு அந்த முனை போட்டால் மிஞ்சுவது இறகு மட்டுமே என்பது வேறு.

சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் அதன் சுமை எல்லார் தலையிலும் ஒரே மாதிரி இறங்கவில்லை. பொழுதுபோக்குக்குச் சுட்டவர்கள் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தார்கள். வேட்டையே சோறாக இருந்த இருளர் குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் நெல் வயலில் எலி பிடிக்கவும் போனார்கள். பானையில் புகை போட்டு வளையில் ஊதி எலி பிடிப்பதைப் பாகூர் வயல்களில் பார்த்திருப்பீர்கள். அதை ஏளனமாகப் பார்க்கிறவர்களும் இந்த அரங்கில் இருக்கலாம்.

அம்பு விட்ட பிறகுதான் வேட்டையில் பாதி வேலையே தொடங்குகிறது. உடனே பின்னால் ஓடக் கூடாது. இரத்தம் நுரையோடு வெளிர்ச் சிவப்பாக இருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையாக இரை கலந்திருந்தால் குடல், பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் இதற்கு நாய் பழக்குகிறார்கள். மண்ணைப் பார்த்து என்ன போனது, எப்போது போனது என்று சொல்லும் இருளர் கண் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பின் விஷத்தை எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்து தயாராகும் மருந்துதான் ஆஸ்பத்திரியில் நமக்குப் போடும் ஊசி. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே அழைத்துப் போனார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க. கிராஸ்போவும் விதவிதமான முனைகளும் கடையில் தொங்கும் ஊரில், இவர்கள் தடம் பார்த்துக் கையால் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

பாகூரில் பல்லவர் காலத்திலேயே ஒரு கல்லூரி இருந்தது. அதற்கு மூன்று ஊர்களை விட்டுக்கொடுத்ததை நிருபதுங்கவர்மனின் செப்பேடு சொல்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் ஊசுட்டேரிக் கரையில் தடம் படிக்க ஓர் இருளப் பெரியவரை ஆசிரியராக அழைத்தால் என்ன? மரியாதையாக, சம்பளம் கொடுத்து. முதல்வர் ஐயா தலையசைக்கிறார், செயலாளர் குறித்துக்கொள்ளட்டும். முதல் வருஷத்துச் செலவு என்னுடையது.

வில் பிடித்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுக்கிறவர்களுக்கு ஒலிம்பிக் வில்வித்தை இருக்கிறது. 70 மீட்டர் தூரம், நடுவில் 12.2 சென்டிமீட்டர் வட்டம், அதற்குப் பத்து மதிப்பெண். முனையில் அலகே கிடையாது. இரண்டு முனைகளின் படமும் கணக்கும் எழுதிய தாளை வாசலில் வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.