கதவைச் சாத்தினாலும் தாழ்ப்பாள் போடாதீர்கள்

(கிறிஸ்தவத் தம்பதிகள் கூட்டத்தில் ஆற்றிய குடும்ப நல உரை)



சுகாதாரத் துறையிலிருந்து வந்தால் தடுப்பூசி, ரத்தசோகை, மாத்திரை என்றுதான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். இன்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்கள் இருவரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாகிறது?

யோசிக்கிறீர்கள் அல்லவா? நடவு, களையெடுப்பு, பள்ளிச் செலவு, வட்டிக் கடன் என்று வருஷங்கள் ஓடிவிடுகின்றன. "சோறு வை", "காசு கொடுங்க" என்ற இரண்டு பேச்சுத்தான் வீட்டில் மிஞ்சுகிறது. சுகத்திலும் நோயிலும் பிரியமாட்டோம் என்று பீடத்தின் முன் வாக்குக் கொடுத்தீர்கள். இயேசு தம் முதல் அற்புதத்தைச் செய்ததே கானாவூர்க் கலியாண வீட்டில்தான். கலியாண வீட்டுச் சந்தோஷம் அன்றோடு தீர்ந்துபோக வேண்டியதில்லை.

நீங்கள் மாதா கோவிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் ஸ்ரீரங்கத்து மட்டையடியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பங்குனித் திருநாளில் நம்பெருமாள் உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு இருந்துவிட்டுத் திரும்புவார். ரங்கநாயகித் தாயார் கோபித்துக் கதவைச் சாத்திவிடுவார். இரு தரப்பிலும் வாதம் நடக்கும். நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்ய, கதவு திறக்கும். பங்குனி உத்திரத்தன்று இருவரும் சேர்ந்து காட்சி தருவார்கள். பிரணய கலகம் என்று இதற்குப் பெயர். ஊடல் வரட்டும், கதவும் சாத்தட்டும். ஆனால் அன்றைக்கே திறந்துவிட வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம். ஒன்று மறக்க வேண்டாம். கோயிலில் மட்டையடி ஒரு பாவனை. வீட்டில் கை ஓங்குவது விளையாட்டு அல்ல, குற்றம். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. உதவிக்குப் பெண்கள் 181 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

கேலி எப்படி இருக்க வேண்டும்? திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826-இல் பிறந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை, மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். 1879-இல் அவர் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். அதில் கதை சொல்லும் கணவன் தன் அசட்டுத்தனத்தைத் தானே சொல்லிச் சிரிக்க வைக்கிறான். மனைவி ஞானாம்பாளின் சமர்த்தையோ மெச்சிப் பேசுகிறான். இதுதான் நல்ல கேலி. மனைவியின் நிறத்தையும் பிறந்த வீட்டையும், கணவனின் வருமானத்தையும் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பது கேலி அல்ல, குத்தல்.

ஒரு வீட்டில் ரசத்தில் உப்புக் குறைந்தது. அவர் தட்டைத் தள்ளவில்லை. "1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் நடந்துபோய் உப்பு எடுத்தாங்களே, நம்ம வீட்டுக்கு மட்டும் ஒரு பிடி கொண்டுவர மறந்துட்டாங்களா?" என்றார். "மறக்கலீங்க. உங்க ரத்தக் கொதிப்புக்கு டாக்டரம்மாதான் குறைக்கச் சொன்னாங்க" என்றார் அந்த அம்மா. இருவரும் சிரித்தார்கள். ரசமும் காலியானது, வைத்தியமும் நடந்தது!

இப்படிப் பேசிச் சிரிக்கிற தம்பதிகளுக்கு மற்ற பேச்சும் கூச்சமில்லாமல் வரும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே இரண்டு ஆண்டாவது இடைவெளி வேண்டும். எந்த முறை நமக்கு ஒத்துவரும் என்று இருவரும் கலந்து பேசி, கிராம சுகாதாரச் செவிலியரிடம் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. சிரித்துக்கொண்டிருந்த பெண் பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரத்துக்கு மேல் அழுதுகொண்டும், தூக்கமில்லாமலும், பிள்ளை மேல் பிடிப்பில்லாமலும் இருந்தால், "பிடிவாதம்" என்று திட்டாதீர்கள். "சும்மா சிரி" என்றும் சொல்லாதீர்கள். அது நோய், குணமாகக் கூடியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனையும் கிடைக்கும். குடித்துவிட்டு வருகிற சிரிப்பையும் சிரிப்பு என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு, கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டுத் திண்ணையில் கால் மணி நேரம் உட்காருங்கள். கலியாணத்தன்று நடந்த வேடிக்கை ஒன்றை ஒருவர் தொடங்கட்டும், மற்றவர் முடிக்கட்டும். செலவில்லாத மருந்து இது. இருவரும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும்.