கடலோடு போன கல்வி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு வாங்கிய பிள்ளைகளின் முகமெல்லாம் மலர்ந்திருக்கும் இவ்வேளையில் ஒரு சினிமாக் கதை சொல்லப் போகிறேன். "பள்ளிக்கூடத்திலே சினிமாவா வாத்தியாரே?" என்று கேட்காதீங்க. காரணத்தோடுதான் சொல்றேன்.

1954இல் வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் எடுத்த படம், 'கடலுக்கடியில் 20,000 லீக்'. ஜூல்ஸ் வெர்ன் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1869-70இல் வெளியிட்ட நாவலே அதற்கு மூலம். இருபதாயிரம் என்பது கடலின் ஆழம் அல்ல. பயணம் செய்த தூரம். ஒரு லீக் 4 கிலோமீட்டர். கணக்குப் போடுங்க பிள்ளைங்களா! 80,000 கிலோமீட்டர், பூமியை இரண்டு முறை சுற்றி வரும் தூரம்.

நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல். அதன் தலைவர் கேப்டன் நீமோ. இராட்சதக் கணவாயோடு நடக்கும் சண்டையைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஆனால் பெரியவர்கள் பார்க்க வேண்டிய காட்சி வேறு. ஒரு தீவிலே கைதிகள் வெடிமருந்துக்கான மூலப்பொருளைச் சுமக்கிறார்கள். தாமும் அங்கே அடிமையாய்க் கிடந்தவர்தான் என்கிறார் நீமோ. அவருடைய இரகசியத்தைப் பறிப்பதற்காக மனைவியையும் பிள்ளையையும் வதைத்தே கொன்றுவிட்டார்களாம்.

படத்தில் இல்லாத ஒன்று நாவலில் இருக்கிறது. இலங்கைக் கடலில் முத்துக்குளிக்கும் ஓர் ஏழை இந்தியனைச் சுறா தாக்குகிறது. நீமோ கத்தியோடு பாய்ந்து காப்பாற்றப் போகிறார். பிழைத்தவன் கையில் ஒரு பை முத்தும் கொடுக்கிறார். ஏன் இந்தப் பாசம்? நீமோ ஓர் இந்திய இளவரசர், 1857 கிளர்ச்சியில் போராடியவர் என்று 'மர்மத் தீவு' என்னும் பிந்திய நாவலில் வெர்ன் சொல்கிறார்.

இத்தனை இரக்கமுள்ளவர், படத்தில் என்ன செய்தார்? போர்க்கப்பல்களை மோதி மூழ்கடித்தார். மாலுமிகளும் மாண்டார்கள். கடைசியில் அவர் கண்டுபிடித்த அத்தனையும் அவரோடு கடலுக்குள் போச்சு. கோபம் நியாயம்தான், ஆனால் கல்வி யாருக்கும் பயன்படாமல் போனதே!

மாணவர்களே, இன்று வாங்கிய பரிசை அலமாரியில் வைத்துப் பூட்டுங்க. படித்த பாடத்தைப் பூட்டாதீங்க. கணக்கு வராத பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இன்றிரவே சொல்லிக் கொடுங்க. பெற்றோர்களே, "உன் படிப்பை மட்டும் பார்" என்று தடுக்காதீங்க. பாடம் சொல்லிக் கொடுக்கிற பிள்ளைக்கும் அந்தப் பாடம் இன்னும் நன்றாய்ப் பதியும்.

நமக்கு ஒரு நீமோ போதாது. தோட்டம் முழுதும் படித்தவர்கள் வேண்டும்.