மூன்றாவது நாற்காலி யாருக்கு?



குறை உள்ளவர் தாமே வந்து சொல்லட்டும் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட ஊர் இந்த மைசூரு. செங்கல்பட்டுச் சீமையில் பிறந்து மைசூர் திவானான ரங்காசார்லு, 1881 தசராவின்போது தாலுகாக்களிலிருந்து விவசாயிகளையும் வியாபாரிகளையும் வரவழைத்துப் பிரதிநிதிகள் சபையைக் கூட்டினார். சட்டம் இயற்றும் அதிகாரம் அந்தச் சபைக்கு அப்போது இல்லை. ஆனால் எழுந்து நின்று குறையைச் சொல்ல இடம் இருந்தது. அறிவுசார் குறைபாடு உடைய வயதுவந்தவர்களுக்கு அந்த அளவு இடத்தைக்கூடப் பாதுகாவலரை நியமிக்கும் நம் சட்டம் இன்றுவரை உறுதிசெய்யவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மட்டும், எல்லா வயதினரையும் சேர்த்து, அறிவுசார் குறைபாடு உடையவர்கள் 15 லட்சம் பேர்.

1999-ல் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். இவர்களுக்காகவும், ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காகவும் செய்யப்பட்ட சட்டம் அது. 18 வயது கடந்தவருக்குப் பாதுகாவலரை நியமிப்பது மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர்க் குழு. அதில் கலெக்டர் நிலை அதிகாரி ஒருவர், பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். அந்த மூன்றாவது நாற்காலியில் பார்வையற்றவரோ கால் ஊனமுற்றவரோ உட்காரலாம். அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் யாருக்குப் பாதுகாவலர் வேண்டும் என்று பேசுகிறார்களோ, அந்த வகையைச் சேர்ந்த ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இதைவிடக் கொடியது 17-வது பிரிவு. பாதுகாவலர் கொடுமை செய்தால், சொத்தைச் சுருட்டினால், அவரை நீக்கக் கோரிப் பெற்றோர் மனுப் போடலாம், உறவினர் போடலாம், அமைப்பு போடலாம். அடி வாங்கியவர் பெயர் அந்தப் பட்டியலிலேயே இல்லை!

“அவர்களுக்கு விவரம் தெரியாது, ஏமாற்றிவிடுவார்கள், பாதுகாப்புத்தான் முக்கியம்” என்பார்கள். இந்தப் பயம் பொய்யல்ல. பெற்றவர்களின் வயிற்றில் நெருப்பாக இருக்கும் பயம். ஆனால் மற்றவர் முடிவெடுப்பதால் பாதுகாப்பு வந்துவிடுகிறதா? 2009-ல் உச்ச நீதிமன்றம் வரை போன சண்டிகர் வழக்கை நினைத்துப் பாருங்கள். லேசான அறிவுசார் குறைபாடுள்ள, ஆதரவற்ற ஓர் இளம்பெண் அரசு இல்லத்தில் இருக்கும்போதே பாலியல் வன்முறைக்கு ஆளானார். காவலுக்குள் வைத்தும் காக்க முடியவில்லை. அடுத்து, அவர் பிள்ளையைப் பெற்றுக்கொள்ள விரும்பியபோதும், கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. நடந்த கொடுமைக்கு நடுவே ஒரு நியாயம் கிடைத்தது. அது அவர் வாய்ச்சொல்லுக்கு மதிப்புக் கொடுத்த இடத்தில்தான் கிடைத்தது.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தத் திசையில் ஒரு படி ஏறிவிட்டது. மற்ற எவரையும் போலவே இவர்களுக்கும் சட்டத் தகுதி உண்டு என்கிறது 13-வது பிரிவு. துணை நிற்பவர் தன் விருப்பத்தைத் திணிக்கக் கூடாது, அந்தத் துணையே வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. துணையோடு முடிவெடுப்பது வேறு, துணைக்கு வந்தவரே முடிவெடுப்பது வேறு. ஆனாலும் 18 வயது நிறைந்ததும் பாதுகாவலர் சான்றிதழ் வாங்கத்தானே முதலில் ஓடுகிறோம்?

முடிவெடுக்கும் திறமை வரட்டும், பிறகு உரிமை தருவோம் என்பது தலைகீழான நியாயம். உடுக்கும் சட்டையைக்கூடப் பிறர் எடுத்துக் கொடுத்தே முப்பது வயதானவருக்குத் திறமை எங்கிருந்து வரும்? வீட்டில் கேள்வி பிறக்குமுன்பே அன்பு பதில் சொல்லிவிடுகிறது. அதனால்தான் சக மனிதர்களின் குழு வேண்டும் என்கிறேன். அங்கே அம்மா இல்லை, டீச்சர் இல்லை. சம்பளப் பணத்தை யார் வைத்திருக்கிறார்கள், பஸ்ஸில் தனியாக எப்படிப் போனாய், வேண்டாம் என்று எப்படிச் சொன்னாய் என்று ஒருவரையொருவர் கேட்கலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1974-ல் இப்படித் தொடங்கியதுதான் ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’ இயக்கம். ‘எங்களுக்குப் பிறகு யார்?’ என்று ஒவ்வொரு பெற்றோரும் கேட்கும் கேள்விக்கு, உங்களுக்குப் பிறகும் உயிரோடு இருக்கப்போகும் இந்த நண்பர்களும் ஒரு பதில்.

பேச்சே வராதவர்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். இதே ஊரில் மானசகங்கோத்ரியில் 1960-களிலிருந்து அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. படப் பலகையும் சைகையும் கருவியும் பேச்சுக்கு ஈடாகும் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. அவற்றாலும் எட்ட முடியாதவர்கள் சிலர் உண்டு; அவர்களுக்குக் கூடுதல் துணை வேண்டும், மறுக்கவில்லை. அந்தச் சிலரைக் காட்டி எல்லோர் வாயையும் அடைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஆகவே கேட்கிறேன். மைசூரு மாவட்ட உள்ளூர்க் குழு அடுத்தமுறை அமைக்கப்படும்போது, மூன்றாவது நாற்காலியில் அறிவுசார் குறைபாடு உடைய ஒருவரை உட்கார வையுங்கள். ஆவணங்களை எளிய கன்னடத்தில் எழுதிக் கொடுங்கள். அவர் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அனுமதியுங்கள். நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் 17-வது பிரிவில், பாதிக்கப்பட்டவரே மனுச் செய்யலாம் என்ற ஒரு வரியை நாடாளுமன்றம் சேர்க்கட்டும். டெல்லி அதைச் செய்யும்வரை காத்திருக்காமல் பெற்றோர் சங்கங்களே, இந்த ஆண்டுப் பொதுக்குழுவிலேயே விதியைத் திருத்தி, உங்கள் மகனுக்கும் மகளுக்கும் நிர்வாகக் குழுவில் ஓட்டுக் கொடுங்கள்.