டயர் மாத்தப் போறீங்களா? அம்மாவைப் பின் சீட்டுல உட்கார வச்சுப் பாருங்க

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

போன எபிசோட் முழுக்க லேப்டாப், கீபோர்டுன்னு பேசினோம். இன்னைக்கு கொஞ்சம் ரோட்டுக்கு வருவோம். சின்ன காருக்கு டயர் மாத்தணும், உள்ள உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு உடம்பு நோகக் கூடாது. என்ன பார்த்து வாங்கணும்? இதுதான் இன்னைக்கு விஷயம். நான் ஒரு தடவை தப்பா வாங்கி, காசும் போய், அம்மாகிட்ட பேச்சும் வாங்காமலே தண்டனை அனுபவிச்சவன். அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் பண்ணின தப்பு

எங்க வீட்ல இருக்கிறது ஒரு ஸ்விஃப்ட். கம்பெனி கொடுத்த டயர் அளவு 165/80 ஆர்14. அம்மாவுக்கு அழகர்கோவில் பதினெட்டாம்படி கருப்பசாமிதான் குலசாமி. மாசம் ஒரு தடவை போயே ஆகணும். மதுரையிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம்தான். புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி தாண்டினா மலை தெரிய ஆரம்பிச்சுடும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி டயர் தேஞ்சு போச்சு. நான் என்ன பண்ணினேன்? யூடியூப் பார்த்துட்டு 16 இஞ்ச் அலாய் வீலும், 195/55 ஆர்16 டயரும் போட்டேன். கார் பார்க்க அப்படி இருந்துச்சு. கடைக்காரர் மேல தப்பு சொல்ல மாட்டேன். நான் கேட்டதைத்தான் கொடுத்தார்.

அடுத்த மாசம் கோயிலுக்குக் கிளம்பினா, அம்மா, "நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்கு வேலை கிடக்கு"ன்னாங்க. அதுக்கு அடுத்த மாசம் தலைவலி. மூணாவது மாசம் வேற ஏதோ. கடைசில எங்க சித்திதான் போன்ல போட்டு உடைச்சாங்க: "கார் தூக்கித் தூக்கிப் போடுதாம்டா, முதுகு தாங்கலையாம். நீ ஆசையா வாங்கினதுன்னு உன்கிட்ட சொல்லல." அம்மாவுக்கு ஏற்கெனவே இடுப்பு டிஸ்க் பிரச்சினை உண்டு. எனக்கும் தெரியும். தெரிஞ்சும் எனக்கு உறைக்கலை.

அந்த நம்பர்ல என்ன இருக்கு?

டயர் பக்கவாட்டுல இருக்கிற நம்பரைப் படிக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. 165/80 ஆர்14 85டி-ன்னு இருந்தா, 165 அப்படிங்கிறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 80 அப்படிங்கிறது அந்த அகலத்துல 80 சதவீதம் பக்கச்சுவரோட உயரம்னு அர்த்தம். ஆர்-னா ரேடியல். 14 ரிம்மோட விட்டம், இஞ்ச்ல. 85-னா ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும். டி-ன்னா மணிக்கு 190 கிலோமீட்டர் வரை.

இப்ப கணக்கு போடுவோம். 165-ல 80 சதவீதம், 132 மில்லிமீட்டர். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல அவ்வளவு உயரத்துக்குக் காத்து நிக்குது. நான் மாத்தினது 195-ல 55 சதவீதம், வெறும் 107. மொத்த விட்டம் ரெண்டுக்குமே ஏறக்குறைய 620 மில்லிமீட்டர்தான். அதனால ஸ்பீடோமீட்டர் சரியா காட்டும், வெளியிலிருந்து எல்லாம் பொருத்தமா தெரியும். ஆனா பள்ளத்தை வாங்கிக்கிற பக்கச்சுவர்ல 25 மில்லிமீட்டரை, கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கை, நான் காசு கொடுத்து வெட்டி எடுத்திருக்கேன். அது போக, பெரிய வீல்னா பெரும்பாலும் எடையும் கூடும்.

காத்து டயர் வந்த கதையே சொகுசுக்காகத்தான். 1888-ல பெல்ஃபாஸ்ட்ல ஜான் பாய்ட் டன்லப்னு ஒரு கால்நடை மருத்துவர், தன் பையனோட மூணு சக்கர சைக்கிள் கெட்டி ரப்பர் சக்கரத்துல தடதடக்குதேன்னு, காத்து அடைச்ச குழாயைச் சுத்தி மாட்டினார். நம்ம ஊர் எம்ஆர்எஃப்-ஐ எடுத்துக்கோங்க. 1946-ல திருவொற்றியூர்ல பலூன் பண்ற சின்னப் பட்டறையாத்தான் ஆரம்பிச்சுது. ஆக டயர்ல நம்மைத் தாங்குறது காத்து. ரப்பர் அதைப் பிடிச்சு வச்சிருக்கு, ரோட்டைக் கவ்வுது.

மாத்துறதுக்கு முன்னாடி

அலாயை வித்தேன். நல்ல நஷ்டம். மாடியில கிடந்த பழைய 14 இஞ்ச் ரிம்முக்கே புது டயர் போட்டேன். அப்பவும் கடச்சனேந்தல் வேகத்தடையில கார் கட்டை மாதிரி ஏறி இறங்குச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம் காத்தைச் செக் பண்ணினா, இருக்க வேண்டியதைவிட 7 பி.எஸ்.ஐ. அதிகம்! பல இடத்துல எல்லாக் காருக்கும் ஒரே அளவு அடிச்சு விட்டுடறாங்க. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல ஆள் குறைவா இருந்தா எவ்வளவு, முழு லோடுக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கும். அதுதான் உங்க காருக்கு வேதம். காலைல, வண்டி ஓடாம டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்க. வெயில்ல ஓடின டயர்ல அழுத்தம் கூடிடும்.

அதே நேரம், மெத்துன்னு இருக்கட்டும்னு ஸ்டிக்கர்ல இருக்கிறதுக்கும் கீழ இறக்காதீங்க. பக்கச்சுவர் அளவுக்கு மேல மடங்கி மடங்கிச் சூடாகும். மே மாச மத்தியானம் நாலு வழிச் சாலையில வேகமா போகும்போது அது வெடிக்கலாம். நைட்ரஜன் அடிச்சா சொகுசுன்னு சொன்னா நம்பாதீங்க. சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

இன்னும் ரெண்டு விஷயம். வேகம் கூடும்போது ஸ்டியரிங் நடுங்கினா வீல் பேலன்ஸிங் பாருங்க. பள்ளத்துல "டொக் டொக்"னு சத்தம் வந்தா சஸ்பென்ஷன் புஷ் தேஞ்சிருக்கலாம். எவ்வளவு விலை உயர்ந்த டயர் போட்டாலும் இது ரெண்டும் போகாது.

கடையில என்ன கேக்கணும்?

முதல்ல, கம்பெனி கொடுத்த அதே அளவு. லோடு நம்பரும் வேக எழுத்தும் அதுக்குக் கீழ போகக் கூடாது.

அடுத்து, மாடல். ஒரே கம்பெனியிலயே ரெண்டு மூணு குணத்துல டயர் வரும். சியட் மைலேஸ், அப்போலோ அமேஸர் 4ஜி லைஃப் மாதிரிப் பேர்லயே ஆயுசு இருக்கிறது நீண்ட உழைப்பை முன்னிறுத்துற டயர். மிஷலின் பிரைமஸி, கான்டினென்டல் கம்ஃபர்ட்கான்டாக்ட் மாதிரி வரிசைகள் அமைதி, சொகுசு பக்கம். எல்லா மாடலும் எல்லா அளவுலயும் கிடைக்காது, கேட்டுப் பாருங்க. பொதுவா மெதுவான ரப்பர் சீக்கிரம் தேயும், கெட்டி ரப்பர் நிறைய ஓடும். ரெண்டும் ஒண்ணா வேணும்னா கிடைக்காது. நான் வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர்கூட ஓட்டுறதில்ல. எனக்கு எதுக்கு ஆயுசு டயர்? அது தேயறதுக்கு முன்னாடி வயசாகி இறுகிடும். டாக்ஸி ஓட்டுறவங்களுக்கு இதே கணக்கு தலைகீழா வரும்.

மூணாவது, பிறந்த தேதி. பக்கச்சுவர்ல கடைசியா நாலு இலக்கம் இருக்கும். 2324-ன்னா 2024-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. தள்ளுபடி விலைன்னு பழைய ஸ்டாக்கைக் கொடுத்தா, நாலு டயர்லயும் இதைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

நாலாவது, மழை. சொகுசு மட்டும் பார்த்து வாங்கி, ஈர ரோட்டுல பிரேக் பிடிக்கலைன்னா என்ன பிரயோஜனம்? 2022-ல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே உருளும்போது வர்ற இழுவை, ஈரத் தரைப் பிடிப்பு, ஓடும் சத்தம் மூணுக்கும் தர அளவு வேணும்னு அறிவிப்பு கொடுத்துச்சு. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துட்டா, உள்ள இருக்கிற சின்ன மேடு பட்டனோட சமமா தெரியும். அப்ப மாத்தியே ஆகணும்.

பட்ஜெட் ரெண்டு டயருக்குத்தான்னா, புதுசைப் பின்னாடி போடச் சொல்லுங்க. முன் சக்கரம்தானே இழுக்குது, முன்னாடி போட்டா என்னன்னு தோணும். ஆனா ஈர ரோட்டுல முன்னாடி வழுக்கினா ஸ்டியரிங்ல தெரியும், ஆக்ஸிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின்னாடி வழுக்கினா கார் சுத்திடும்.

கடைசியா

அழகர்கோவிலுக்குப் பக்கத்துலயே, மேலூர் ரோட்டுல வெள்ளரிப்பட்டில டிவிஎஸ் ஸ்ரீசக்ரா டயர் ஃபேக்டரி இருக்கு. அங்கேயே வாங்கியிருக்கலாமேன்னு சித்தப்பா கேட்டார். அது பைக், ஆட்டோ டயருக்குப் பேர் போனது சித்தப்பா!

காத்தைச் சரி பண்ணின மறு வாரம், அம்மாகிட்ட, "சும்மா அப்பன்திருப்பதி வரைக்கும் வாங்கம்மா, முடியலைன்னா திரும்பிடலாம்"னு கூட்டிட்டுப் போனேன். பின் சீட்டுல உட்கார்ந்தாங்க. அப்பன்திருப்பதி வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, "எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டேன். "ஏன் நிப்பாட்டுன? கோயிலுக்குப் போப்பா"ன்னாங்க. முதுகு வலி போயிடலை. அது டயரால வந்ததும் இல்ல. ஆனா இப்ப மாசா மாசம் வர்றாங்க.

அன்னைக்குக் கருப்பசாமி சன்னதிக்கு வெளியே நாலு எலுமிச்சம்பழம் வாங்கி, நாலு டயருக்கும் கீழ அம்மாவே வச்சாங்க. "பழைய வண்டிக்கு எதுக்கும்மா?"ன்னேன். "டயர் புதுசுல்ல"ன்னாங்க.

உங்க வீட்டு காரோட கதவு ஸ்டிக்கரை இன்னைக்கே பாருங்க. அப்புறம் பின் சீட்டுல வழக்கமா உட்கார்றவங்ககிட்ட வண்டி எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க. கேள்வி இருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம். பத்திரமா ஓட்டுங்க.