வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?



மனநோயுற்றவர்களுக்கு வளர்ப்புப் பிராணிகள் தரும் துணையைப் பற்றிப் பேச இன்று கூடியிருக்கிறோம். இது நேற்று முளைத்த யோசனை அன்று. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1790இல், மனநோய்க் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட சில வாரங்களிலேயே ஹன்னா மில்ஸ் என்ற பெண் இறந்துபோனார். அவரைப் பார்க்க வந்த, குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர்களை உள்ளே விடவே இல்லை. அந்தத் துயரம்தான் அதே பிரிவைச் சேர்ந்த வில்லியம் டியூக்கை, மனநோயாளிகளுக்காக 'ரிட்ரீட்' என்ற இல்லத்தைத் தொடங்க வைத்தது. 1796இல் திறந்த அந்த இல்லத்தைப் பற்றி அவருடைய பேரன் சாமுவேல் டியூக் 1813இல் ஒரு நூல் எழுதினார். நோயாளிகள் உலவும் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் கடற்பறவைகளும் வல்லூறுகளும் இருந்தன என்கிறார். பிற உயிர்மேல் பரிவு காட்டும் உணர்வு அவற்றால் விழித்தெழும் என்று அவர் நம்பினார். பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர் என்று உலகம் ஒதுக்கிவைத்தவரிடம் ஒரு முயலை ஒப்படைத்து, 'நீ பார்த்துக்கொள்' என்றது அந்த முற்றம். இந்தத் துறையின் சாரமே அதுதான் என்பது என் எண்ணம்.

நியூயார்க் உளவியலாளர் போரிஸ் லெவின்சனின் அனுபவத்தை நீங்கள் அறிவீர்கள். அவரைப் பார்க்க அழைத்துவரப்பட்ட, யாரோடும் ஒட்டாத சிறுவன் ஒருவன், குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் அவருடைய அறையிலிருந்த ஜிங்கிள்ஸ் என்ற நாயைச் சந்தித்தான்; அதனோடு ஒட்டிக்கொண்டான். 1961இல் லெவின்சன் இதை அறிஞர் அவையில் சொன்னபோது சிலர் கேலி செய்தார்கள்.

அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, இங்கிலாந்தின் மான்செஸ்டர், சவுதாம்ப்டன் பகுதிகளில் நெடுநாள் மனநோயோடு வாழும் 54 பேரிடம் ஹெலன் புரூக்ஸ் குழுவினர் நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து, தமக்குத் துணையாக இருப்பவர்களை அதில் குறிக்கச் சொன்னார்கள். பிராணியைக் குறித்தவர்களில் பெரும்பாலோர் அதைத் தமக்கு மிக நெருக்கமான உள்வட்டத்தில் வைத்தார்கள். ஆனால் ஒருவருடைய சிகிச்சைத் திட்டத்திலும் அந்தப் பிராணிக்கு இடம் இல்லை.

இரவு போட்ட மாத்திரையின் கனம் இறங்காத காலைப்பொழுதை நினைத்துப் பாருங்கள். எழுந்து பல் துலக்கவே காரணம் இல்லாதவருக்கு, கதவைப் பிராண்டும் நாய் ஒரு காரணத்தைக் கொண்டுவருகிறது. சங்கிலியை மாட்டித் தெருவில் இறங்கினால், "இதுக்கு என்ன வயசு? கடிக்குமா?" என்று யாராவது கேட்பார்கள். அன்று அவரோடு நோயைப் பற்றி அல்லாமல் பேசிய முதல் மனிதர் அப்படிக் கேட்டவராக இருக்கலாம்.

இதை மருந்துச்சீட்டில் எழுதிக் கொடுக்க முடியாது. சான்றுகள் இன்னும் கலவையாகத்தான் இருக்கின்றன. தீவனச் செலவு, வெறிநோய்த் தடுப்பூசி, நோய் முற்றும் நாள்களில் வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கும் ஆபத்து, அது இறந்தால் வரும் துக்கம் என எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிராணி வளர்க்க விருப்பமில்லாதவரை ஒருபோதும் வற்புறுத்தக் கூடாது.

இந்த அவையிடம் நான் கேட்பது சிறிய காரியம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கும்போது, நாயையும் பூனையையும் சேர்த்துக் கேளுங்கள். பூனைக்குச் சோறு வைக்க ஆளில்லை என்பதற்காகவே மருத்துவமனையில் சேர மறுப்பவர்கள் உண்டு. அதைப் பிடிவாதம் என்று குறிப்பேட்டில் எழுதிவிடாமல், சேர்க்கும் நாளிலேயே அண்டை வீட்டாரிடமோ உறவினரிடமோ அந்தப் பூனைக்கு ஏற்பாடு செய்ய வழி வேண்டும். அந்தப் பொறுப்பு செவிலியருடையதா, சமூகப் பணியாளருடையதா என்பதை இன்று மாலைக்குள் நாம் முடிவு செய்தாக வேண்டும்.